ஒரே வகுப்புக்கு இரண்டு சம்பளம்: சேலத்தில் ஆள் எடுக்கும் ஆசிரியர் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் பள்ளிகளுக்குச் சேலத்திலிருந்து ஆங்கில ஆசிரியர்களை அனுப்பிவைக்கும் முகவர்களுக்கு,

போன மாதம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் நீங்கள் சிலர் சேர்ந்து நேர்முகம் நடத்தினீர்கள். வந்தவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தீர்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அதை ஏற்காடு மலைக்கு எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். தாய்லாந்தில் தொடக்கப்பள்ளி வேலை. வாரத்துக்கு 22 பீரியடு. காலை ஏழரை முதல் மாலை நாலரை வரை பள்ளியில் இருக்க வேண்டும். அதுவரை சரி. கீழே சம்பளம் என்று போட்டு, தாய்லாந்துப் பணமான பாட் கணக்கில் இரண்டு வரி. ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுக்காரர்களை 'நேட்டிவ்' என்கிறீர்கள். 'நேட்டிவ்: 38,000 முதல் 42,000 பாட் வரை. இந்தியா, பிலிப்பைன்ஸ்: 20,000 முதல் 24,000 பாட் வரை.' அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'நல்ல நிறமுள்ளவர்களுக்கு முன்னுரிமை.'

அந்தப் பெண் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்தவள். சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிறாள். ஏன் இரண்டு வரி என்று உங்களில் ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். கிடைத்த பதில்: "இங்க பதினஞ்சாயிரம் வாங்கற. அங்க அம்பதாயிரம் வருது. அப்புறம் என்னம்மா கேள்வி?"

இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே பதிலை எனக்கும் சொன்னார்கள். நானும் இதே போன்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, தாய்லாந்தின் ஈசான் பகுதியில் ஒரு மாகாணப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும்: ஏற்காட்டுக்காரி. அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சேலத்தில் பட்டம் வாங்கி, சேலத்திலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் வருடக்கணக்காகப் பாடம் எடுத்த பிறகுதான் வெளிநாடு போனேன். சான்றிதழ்களில் முத்திரை வாங்க ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிகாலை சென்னையில் இறங்கி, அலுவலகம் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் செலவெல்லாம் என்னுடையது. என்னோடு அதே பள்ளியில் சேர்ந்த பிரிட்டன் இளைஞருக்கு விமான டிக்கெட் முதல் விசாக் கட்டணம் வரை எங்களைப் பள்ளியில் அமர்த்திய தாய்லாந்து ஏஜென்சி கொடுத்தது.

'இங்கே வாங்குவதைவிட மூன்று மடங்கு' என்ற கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் பல தனியார் பள்ளிகள் பி.எட். படித்தவருக்குக் கொடுக்கும் சம்பளம் கேவலமானது. ஜவுளிக்கடை வேலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அது எங்களுக்கு இங்கே நடக்கும் ஓர் அநியாயம். அதைக் காட்டி அங்கே நடக்கும் இன்னொரு அநியாயத்தை எப்படி நியாயமாக்குகிறீர்கள்? அந்த பிரிட்டன் இளைஞர் அவருடைய ஊரில் என்ன சம்பாதித்தார் என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். எதிர்காலத்தில் எவ்வளவு வேலை செய்வார் என்பதற்கு ஒரு விலை போட்டீர்கள். எங்களுக்கு மட்டும் எவ்வளவு வறுமையிலிருந்து வருகிறோம் என்று பார்த்து விலை போடுகிறீர்கள். ஈசானில் எனக்கும் அவருக்கும் அறை வாடகை ஒன்றுதான், மின்கட்டணம் ஒன்றுதான். பள்ளி எதிரே சோற்றுக் கடையில் என்னிடம் இந்திய விலை வாங்கவில்லை.

அவர் என்ன வாங்குகிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. சம்பளம் பற்றிப் பேசக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. ஏன் இருந்தது என்பது ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னபோது புரிந்தது. எனக்கு 22,000 பாட். அவருக்கு 38,000. அவர் வரலாற்றில் பட்டம் வாங்கியவர். கூடவே 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ். இதற்கு முன் எந்த வகுப்பறையிலும் நின்றதில்லை. அவர் நல்ல பையன், அதைச் சொல்ல வேண்டும். என் சம்பளத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிரசென்ட் பெர்ஃபெக்டை எப்படிப் புரியவைப்பது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து குறிப்பு எடுத்துக்கொண்டு போனவர் அவர். அவர் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. 38,000 பாட் அந்த வேலைக்கு அதிகமில்லை.

இனி உங்கள் பங்கு. "பள்ளிக்காரங்க சொல்றதத்தான் நாங்க சொல்றோம்" என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்த்த அம்மா ஒரு நாள் என் வருகைப் பதிவைச் சரிபார்க்கும்போது ஏஜென்சி அனுப்பிய மாத பில்லை என் முன்னால் வைத்திருந்தார். தாய்லாந்து மொழி எனக்கு வாசிக்க வராது, எண்கள் வரும். பிரிட்டன்காரர் பெயருக்கு நேரே 48,000. என் பெயருக்கு நேரே 36,000. பள்ளி எங்கள் இருவருக்கும் பார்த்த வித்தியாசம் 12,000 பாட். எங்கள் கைக்கு வந்ததில் இருந்த வித்தியாசம் 16,000. மீதி நாலாயிரம் பள்ளி செய்தது அல்ல. அவர் பணத்தில் ஏஜென்சி எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. என் பணத்தில் எடுத்தது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. குறைவாகச் சம்பாதிப்பவளிடம் கூடுதலாகக் கழித்திருக்கிறார்கள். அதில் சேலத்து முகவருக்கு மாதா மாதம் எவ்வளவு வந்தது என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

ஆகவே விலையைப் பள்ளி மட்டும் வைக்கவில்லை. 'இந்திய ஆசிரியர் இந்த விலைக்குக் கிடைப்பார்' என்று முதலில் சொல்வது நீங்கள். பிலிப்பைன்ஸ் முகவர் ஒரு விலை சொன்னால் அதற்கும் கீழே போய்ச் சொல்வதும் நீங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளி வரவேற்பறைக்குப் பக்கத்தில் வெளிநாட்டு ஆசிரியர்கள் படங்களை மாட்டிய பலகை ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவரவர் நாட்டுக் கொடி. என் படத்துக்குக் கீழே சிங்கப்பூர்க் கொடி இருந்தது. படத்திலும் என் முகத்தை இரண்டு சுற்று வெளுத்திருந்தார்கள். தவறுதலாக வந்திருக்கும் என்று நினைத்து ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னேன். ஏஜென்சி அனுப்பிய விவரமே அப்படித்தான் இருக்கிறது, பெற்றோர் கேட்டால் சிங்கப்பூர் என்றே சொல்லிவிடுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் இந்தியா, தமிழ்நாடு, ஏற்காடு என்று கைபேசியில் படம் எடுத்துக் காட்டினேன். கொடியை மாற்ற ஒரு பருவம் முழுக்க நச்சரிக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர்க்காரி என்று விற்று, இந்தியக்காரி என்று சம்பளம் கொடுப்பது எந்த ஊர் வியாபார தர்மம்?

பெற்றோர் வெள்ளை முகத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது உங்கள் அடுத்த வாதம். கேட்கிறார்கள், உண்மைதான். நம் ஊரிலும் கேட்கிறார்கள். ஏற்காட்டில் உறைவிடப் பள்ளிகள் நிறைய. வெள்ளைக்காரர் ஒருவர் தன்னார்வலராக நாலு மாதம் வந்து தங்கினாலும் அவர் படம் விளம்பரத்தில் ஏறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பல வருடம் பாடம் எடுத்தவர்கள் குழுப் படத்தின் ஓரத்தில் நிற்பார்கள். ஆனால் பெற்றோர் கேட்பதையெல்லாம் பள்ளி கொடுத்துவிடுகிறதா என்ன? ஃபீஸைக் குறைக்கக் கேட்கிறார்களே!

பாடம் நடத்துவதில் என்ன வித்தியாசம் என்பதையும் பார்த்துவிடலாம். தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு 'ஸ்கூல்' என்று வராது. 'சக்கூன்' என்பார்கள். சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்'ஸோடு இன்னொரு மெய் ஒட்டி வருவது அவர்கள் மொழியில் இல்லை, அதனால் நடுவில் ஓர் உயிரைச் செருகிக்கொள்வார்கள். கடைசி 'ல்' அவர்கள் வாயில் 'ன்' ஆகிவிடும், 'ஆப்பிள்' 'ஆப்பென்' ஆவது போல. இளைஞர் என்ன செய்வார் என்றால், 'ஸ்கூல்' என்று திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். பிள்ளைகளும் சத்தமாக 'சக்கூன்' என்பார்கள். எனக்கு இது ஏற்காட்டில் பார்த்த கதை. இங்கே நாகலூரிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் 'இஸ்கூலு' என்பார்கள். அவர்கள் உயிரை முன்னால் வைக்கிறார்கள், தாய்லாந்துப் பிள்ளைகள் நடுவில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். டயரில் காற்று இறங்குவது போல 'ஸ்ஸ்ஸ்' மட்டும் தனியாக நீட்டச் சொல்வேன். நான் கையைக் காற்றில் வெட்டிக் காட்டினதும் 'கூல்' என்று சொல்ல வேண்டும். அப்புறம் நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்து எடுக்காமல் இருக்கச் சொல்வேன். கண்ணாடியைக் கையில் கொடுத்து அவரவர் நாக்கைப் பார்க்கவிட்டால் வகுப்பே சிரிப்பாகிவிடும். ஒரு வாரத்தில் பாதி வகுப்புக்கு வந்துவிட்டது. இந்த மொழி எங்கே இடறும் என்பது இடறிக் கற்றவளுக்குத் தெரியும்.

இளைஞரிடம் இருந்தது வேறு. அவரோடு பேசிப் பேசிப் பிள்ளைகளுக்குக் கூச்சம் போனது, வேகமான பேச்சு காதுக்குப் பழகியது. அதையும் மதிக்கிறேன். பள்ளிக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுக்கு 38, ஒன்றுக்கு 22 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

இதில் உங்கள் தாளில் வராத ஒருவர் இருக்கிறார். உள்ளூர் ஆசிரியர். என் வகுப்புகளில் கூடவே நின்ற தாய்லாந்து ஆசிரியை காலை ஏழு மணிக்கே பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்பார். எட்டு மணிக்குக் கொடி வணக்கத்துக்கு வரிசை நிறுத்துவார். நான் சொல்வது புரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வார். விடைத்தாள், மதிப்பெண் பதிவு, பெற்றோர் கூட்டம், வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளின் நிலைமையைப் பார்த்து வருவது எல்லாம் அவர் தலையில். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு இதில் பாதி வேலை கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்த அவருடைய சம்பளம், முதல் மாதமே அந்த இளைஞர் வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல். என்னைவிடவும் குறைவு. என் மோட்டார் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக் கொடுத்து, காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். எனக்குச் சம்பளம் போதவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நியாயமான சம்பளம் என்று நான் கேட்பதில் அவரும் அடக்கம். அவரை விட்டுவிட்டு எங்களை மட்டும் 38,000-க்கு ஏற்றிவிட்டால் அதே ஏணியில் நாங்களும் ஒரு படி ஏறிக்கொண்டோம் என்றுதான் அர்த்தம்.

சரி, சட்டம் அப்படித்தானே இருக்கிறது என்று உங்களில் படித்தவர்கள் கேட்கலாம். பல நாடுகளில் சட்டம் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது. தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக்காரர்களுக்கானது. இந்தியாவோடு செய்துகொண்டு 2010-ல் அமலுக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தில், பயிற்சி பெற்ற நம் ஆசிரியர்களுக்கு உதவி ஆசிரியர் என்ற அளவில் ஒரு சின்ன வழி விட்டார்கள். அந்த ஏழில் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அவர்கள் ஏன் அந்தப் பட்டியலில் என்று கேட்கவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். பட்டியல் பேச்சைப் பார்த்துப் போட்டது இல்லை என்பதைச் சொல்கிறேன். இதே சேலத்தில் வக்கீலாக இருந்து 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்தார் ராஜாஜி. பின்னால் இந்தியாவின் கவர்னர் ஜெனரலே ஆனார். அவர் இன்று உங்கள் மண்டபத்துக்கு வந்தால் நீங்கள் காட்டும் வரி இருபதாயிரத்து வரிதான். நிறத்துக்கும் முன்னுரிமை கிடைக்காது.

தாய்லாந்திலேயே கம்பெனி வேலைக்கு விசா நீட்டிக்க, குறைந்தபட்ச மாத வருமானம் இவ்வளவு காட்ட வேண்டும் என்று நாட்டுவாரியாக ஒரு பட்டியல் குடிவரவுத் துறையில் உண்டு. அமெரிக்கர், கனடாக்காரர், மேற்கு ஐரோப்பியர் என்றால் 50,000 பாட். இந்தியர் என்றால் 35,000. பாகுபாடு அரசுத் தாளிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாகுபாட்டின்படி பார்த்தால்கூட எனக்கு 35,000. பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பட்டியலை வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் புகுந்துதான் இருபது, இருபத்திரண்டு என்று பேசுகிறீர்கள்.

வேலையில் இனம், நிறம், பிறப்பு வழி பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆம் உடன்படிக்கை 1958-இல் வந்தது. இந்தியா 1960-இல் ஏற்றது, தாய்லாந்து 2017-இல் ஏற்றது. ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேசச் சங்கமான டெசால், அமெரிக்காவில் தலைமையகம் வைத்திருப்பது, தாய்மொழி ஆங்கிலம் இல்லை என்பதற்காக ஆசிரியரை ஒதுக்கக் கூடாது என்று 2006-இலேயே தன் நிலைப்பாட்டை எழுதி வெளியிட்டது. அமெரிக்காவில் இருக்கும் சங்கமே சொல்லிவிட்ட விஷயம் சேலத்து மண்டபத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சம்பளத்தோடு ஒட்டிய இன்னும் இரண்டு சங்கதி. என் ஒப்பந்தம் பத்து மாதத்துக்குத்தான். தாய்லாந்தில் மே நடுவில் பள்ளி திறந்து மார்ச்சில் முடியும். நடுவில் வரும் விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது, அறை வாடகையை மட்டும் நாங்கள் கட்டியாக வேண்டும். அந்த இளைஞருக்கும் அப்படித்தான், அந்த ஒன்றில் நாங்கள் சரிசமம். எனவே 22,000 என்று நீங்கள் தாளில் போடுவது பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 18,000-த்துச் சொச்சம். நேர்முகத்தில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

மற்றது விசா. 2023 நவம்பரில் இந்தியர்கள் விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் போகும் வசதி வந்தது. அதிலிருந்து 'முதல்ல டூரிஸ்டா போய் இறங்குங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்ற பேச்சு கூடிவிட்டது. வேலை அனுமதி இல்லாமல் வகுப்பில் நிற்கிற ஆசிரியை சம்பளத்தைப் பற்றி எப்படி வாய் திறப்பாள்? பிடிபட்டால் அபராதமும் ஊர் திரும்பும் செலவும் அவளுடையது. தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போனவர்களை மியான்மர் எல்லைக்குக் கடத்திக்கொண்டுபோய் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிவிட்டதைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. ஆசிரியர் வேலையில் அப்படி நடக்காது என்று நினைத்திருக்க முடியாது.

எங்களுக்கு அரசுப் பாதுகாப்பு குறைவு என்பதும் உங்களுக்குச் சாதகமாகிவிட்டது. பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைத்துவிடுகிறது. வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிற அண்ணன் அந்த அனுமதிக்காக அலைகிறார், அலைந்தாலும் அவருடைய சம்பளத் தாளை ஓர் அதிகாரி பார்க்கிறார். குறைந்தபட்ச பரிந்துரைச் சம்பளம் என்று ஒன்றை மத்திய அரசு நாட்டுவாரியாக வைத்திருக்கிறது. எம்.ஏ. படித்த எங்கள் தாளை யாரும் பார்ப்பதில்லை. படித்தவர்கள், தங்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். இந்த மடலின் பிரதியை அயலகத் தமிழர் நலனைக் கவனிக்கும் ஆணையரகத்துக்கும், 1978 முதல் அரசின் பெயரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கும் அனுப்புகிறேன். ஆசிரியர் வேலைக்கும் நாட்டுவாரியாக ஒரு பரிந்துரைச் சம்பளத்தை வெளியிடுங்கள் என்பது அவர்களிடம் என் கோரிக்கை.

இனி உங்களிடம் கேட்பது.

சம்பளத் தாளில் நேட்டிவ், இந்தியா என்ற இரண்டு வரியை எடுத்துவிடுங்கள். படிப்பு என்ன, எத்தனை வருட அனுபவம், வாரத்துக்கு எத்தனை பீரியடு என்று மூன்றைப் பார்த்து ஒரே வரி போடுங்கள். பள்ளிதான் பிடிவாதம் பிடிக்கிறது என்றால் அந்தப் பள்ளியின் பெயரைப் போட்டு, 'இந்தப் பள்ளி இந்திய ஆசிரியருக்குக் குறைத்துத் தருகிறது' என்று தாளிலேயே எழுதுங்கள். போவதா வேண்டாமா என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

பள்ளி உங்களுக்கும் அங்கேயுள்ள ஏஜென்சிக்கும் ஓர் ஆசிரியருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறது, அதில் எங்கள் கைக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் காட்டுங்கள். உங்கள் கழிவு இருக்கட்டும், வேலை செய்கிறீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா நாட்டு ஆசிரியருக்கும் ஒரே விகிதத்தில் இருக்கட்டும். எங்களிடம் தனியாக வாங்கும் கட்டணத்துக்கு ரசீது கொடுங்கள். பதிவு பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று ரொக்கமாக வாங்குகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களை மண்டபத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

சம்பளம் பேசக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் வேண்டாம். பன்னிரண்டு மாதச் சம்பளம் கேளுங்கள், எங்களுக்கும் அந்த பிரிட்டன் பையன்களுக்கும் சேர்த்தே. முடியாது என்றால் பத்து மாதம் என்று தாளின் முதல் வரியில் பெரிய எழுத்தில் போடுங்கள். விமானம் ஏறும் முன் எங்களுக்குப் புரிகிற மொழியில் ஒப்பந்தப் பிரதி, முறையான வேலை விசா, இரண்டும் கையில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. விசா, வேலை அனுமதிச் செலவை அந்தப் பையன்களுக்குக் கொடுத்தால் எங்களுக்கும் கொடுங்கள்.

ஓர் உள்ளூர் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்துக்குக் குறைந்த விலைக்கு வெளிநாட்டு ஆள் கேட்கும் பள்ளி என்று தெரிந்தால், அங்கே எங்களை அனுப்பாதீர்கள்.

நிறம் பற்றிய வரியை இன்றைக்கே அடியுங்கள். எங்கள் படத்தை வெளுக்காதீர்கள். எங்கள் ஊரை மாற்றாதீர்கள்.

அடுத்த நேர்முகத்துக்கு நீங்கள் தேதி குறித்ததும் என்னிடம் படிக்கும் பிள்ளைகளோடு நானும் மலையிறங்கி வருகிறேன். மேலே கேட்ட விவரங்கள் உள்ள தாள் கைக்கு வந்த பிறகுதான் சான்றிதழ் கோப்பை மேசை மேல் வைப்பது என்று அவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளைத் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை